கடலடிப் பயணம்: கொற்கை முதல் கரீபியன் தீவு வரை

சித்தூருக்கும் கடலுக்கும் உறவு மிகக் குறைவு. வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்துச் சேர்த்து 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் சித்தூர் ஜில்லாவை அமைத்தபோது, அதற்கு மலை கிடைத்தது, ஏரி கிடைத்தது, திருவேங்கடமும் காளத்தியும் கிடைத்தன; கடற்கரை மட்டும் ஒரு முழமும் கிடைக்கவில்லை. 1953-இல் அந்த ஜில்லா ஆந்திர மாநிலத்தோடு சென்றது. 1960-இல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. இவ்வளவு எல்லைமாற்றத்திலும் கடல் வந்து சேரவில்லை. பொன்முகலியாறு சந்திரகிரிப் பக்கத்தில் பிறந்து, காளத்திநாதன் அடியை வருடிச் சென்று, வேறு ஜில்லாவின் எல்லைக்குள் வங்கக் கடலில் கலந்துவந்தது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் திருப்பதியைத் தலைநகராகக் கொண்டு புதிய மாவட்டம் பிறந்தபோதுதான் கூடூரும் சூலூர்ப்பேட்டையும் அதனுள் வந்தன. பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதியும் ஸ்ரீஹரிகோட்டாவும் உடன் வந்தன. ஏழுமலையான் ஊருக்கு இப்படித்தான் ஒரு கடற்கரை அமைந்தது.

அவ்வூர்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இக்காலத்தில் ஒரு புதிய பேச்சு கேட்கிறது. அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள், பெற்றோரையும் தம்பி தங்கையரையும் விடுமுறைக்கு அழைக்கிறார்கள். நயாகரா பார்த்தாயிற்று, அடுத்து கரீபியன் கடலில் ஒரு தீவுக்குச் சென்று, முதுகில் காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு கடலடியில் இறங்கிப் பவளப்பாறைகளைக் காணலாம் என்று திட்டமிடுகிறார்கள். புஷ்கரிணியில் மூன்று முழுக்குப் போட்டு எழுந்த பழக்கமே உடைய குடும்பம், பத்தாள் ஆழத்தில் அரைமணி நேரம் இருந்துவிட்டு வரப்போகிறது. இதைக் கேட்டு வியப்பவர் பலர், அஞ்சுபவர் சிலர். இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் கடலடியில் இறங்குவது தமிழனுக்குப் புதிய கலை அன்று. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக அவன் செய்துவந்த தொழில் அது. அன்று இறங்கியவன் கூலிக்கு இறங்கினான். இன்று இறங்குபவன் பணம் கொடுத்து இறங்குகிறான். இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் இன்றைய கருவியைப் பற்றி ஒரு சொல். ஸ்கூபா என்பது தனிச்சொல் அன்று. நீருக்கடியில் மூச்சுவிட உதவும் தற்சார்புக் கருவி என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைக் கோத்த பெயர். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான ழாக் கூஸ்தோவும், எமில் கான்யான் என்னும் பொறியாளரும் 1943-இல் இதற்கு உருக்கொடுத்தனர். உலகப்போரின் நடுவில், பெட்ரோல் கிடைக்காத பிரான்ஸில், மோட்டார் வண்டியை எரிவாயுவில் ஓட்டுவதற்காகக் கான்யான் அமைத்திருந்த ஓர் அடைப்பிதழே இதற்கு மூலம். மூச்சை இழுக்கும்போது மட்டும் அது திறக்கும். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோமோ அந்த ஆழத்து நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தரும். இந்தச் சமன்பாடுதான் அக்கருவியின் உயிர். பத்து மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டலத்தின் பாரம் கூடுகிறது. சாதாரணக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு இரண்டு மீட்டர் ஆழத்தில்கூட மார்பை விரித்து மூச்சிழுக்க இயலாது.

ஆகவே இக்கலையைக் கற்பவனுக்குச் சொல்லும் முதல் விதி, எக்காரணத்தாலும் மூச்சை அடக்காதே என்பது. ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர விரியும். அடக்கிக்கொண்டு மேலேறினால் நுரையீரல் கிழிந்துவிடும். மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவனுக்கோ மூச்சை அடக்குவதே முதலும் முடிவும். அவன் மேல்காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு இறங்கினான். ஆழத்தில் அது சுருங்கியது. மேலே வந்தபோது பழைய அளவுக்கு விரிந்தது, அவ்வளவே. அவன் நுரையீரலுக்கு அதனால் ஆபத்தில்லை. அவன் செவிக்கும், நேரத்துக்கும், சுறாவுக்குமே அஞ்ச வேண்டியிருந்தது.

இனிக் கொற்கைக்கு வருவோம். தாமிரபரணியின் முகத்தில் இருந்த அந்தப் பாண்டியத் துறைமுகம் இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கிறது. ஆறு கொண்டுவந்த மண் அதனைத் தூர்த்துவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடல் வணிகத்தைப் பற்றிக் கிரேக்க மொழியில் எழுதிய பெயர் தெரியாத ஒரு மாலுமி, கொற்கையில் முத்துக்குளிப்பு நடப்பதையும், அது பாண்டியனுக்கு உரியது என்பதையும், அதில் தண்டனை பெற்ற குற்றவாளிகளை ஈடுபடுத்தினர் என்பதையும் குறித்திருக்கிறான். கொற்கை முத்தின் ஒளியை நம் புலவர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். அந்த ஒளி எவர் மூச்சில் விளைந்தது என்பதை ஒரு வேற்றுநாட்டு மாலுமி ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

தஞ்சைப் பெரியகோயிலுக்கு இராசராசனும் அவன் சுற்றத்தாரும் அளித்த நகைகளின் பட்டியல் அக்கோயில் சுவரில் இருக்கிறது. முத்துக்களை எவ்வளவு நுட்பமாகப் பிரித்திருக்கிறார்கள்! வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று வடிவத்துக்கும் நிறத்துக்கும் தனித்தனிப் பெயர்கள். எடையும் எண்ணிக்கையும் பிசகாமல் எழுதியிருக்கிறார்கள். முத்துக்கு இத்தனை பெயர் சூட்டிய அந்தக் கல்லில், அதை எடுத்து வந்தவனுக்கு ஒரு பெயரும் இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, தொழில் நடந்த முறையை ஓரளவு விரித்துரைக்கிறார். வணிகர் பலர் கூட்டுச் சேர்ந்து ஆட்களை அமர்த்துவர். ஏப்ரலிலும் மே மாத முற்பாதியிலும் குளிப்பு நடக்கும். குளிப்பவர் நான்கு பாகம் முதல் பன்னிரண்டு பாகம் வரை இறங்குவர். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, பெருமீன்கள் தீண்டாதபடி மந்திரத்தால் கடலைக் கட்டுபவருக்கு. இந்த மந்திரக்காரர் பகலில் கட்டி இரவில் அவிழ்த்துவிடுவாராம். இரவில் எவரும் திருட்டுத்தனமாக இறங்கக் கூடாதல்லவா! இக்காவல் முறையின் சாமர்த்தியம் எண்ணி மகிழத்தக்கது. கடல்கட்டி என்னும் இந்தப் பதவி ஆங்கிலேயர் காலத்திலும் அரசாங்கச் செலவில் நீடித்தது. கடல்கட்டி கரையில் இல்லையென்றால் குளிகாரர் தோணி ஏற மறுத்தார்கள். ஆகவே கணக்குப் புத்தகம் வைத்திருந்த வெள்ளை அதிகாரிகளும் அவருக்குரிய பங்கை எழுதிக் கொடுத்தார்கள்.

திருப்பதியில் வாழ்பவர்கள் கேட்கவேண்டிய ஒரு செய்தி இங்கே உண்டு. விசயநகரப் பேரரசர் அச்சுதராயர் 1529-30-இல் திருமலையிலும் காளத்தியிலும் முடிசூடிக்கொண்டவர். 1532-இல் அவர் படை தெற்கே சென்று தாமிரபரணிக் கரை வரை எட்டியது. அந்தப் படையெடுப்பை இராஜநாத டிண்டிமர் அச்சுதராயாப்யுதயம் என்னும் வடமொழிக் காவியமாகப் பாடியிருக்கிறார். அடுத்த ஆண்டாகிய 1533-இல் அச்சுதராயர் காஞ்சியில் துலாபாரம் செய்தார். பொன்னை அன்று, முத்தை எதிர்த்தட்டில் இட்டுத் தம்மை நிறுத்துக்கொண்டார் என்று கல்வெட்டு கூறுகிறது. ஒரு மனிதனின் எடைக்கு எடை முத்து! ஒரு முத்து கிடைக்க எத்தனையோ சிப்பிகளைத் திறக்க வேண்டும். ஒரு தட்டு நிறைய எத்தனை ஆயிரம் முழுக்குகள் வேண்டியிருந்தன என்று கணக்கிட யாராலும் இயலாது. அச்சுதராயரும் அவர் தேவி வரதாம்பிகையும் இன்றும் திருமலைக் கோயிலுக்குள் சிலை வடிவில் கைகூப்பி நிற்கிறார்கள். இனி அங்கே செல்லும்போது, நெருக்கித் தள்ளும் கூட்டத்தில் ஒரு கணம் கிடைத்தால், அந்தச் சிலைகளை நோக்குங்கள்.

அதே ஆண்டுகளில் முத்துக்குளித்துறைக் கரையில் பரதவருக்குப் பெரும் நெருக்கடி. குளிப்பு உரிமையைப் பற்றி வணிகரோடு மோதல்; வடக்கிலிருந்து வந்த படைகளின் வரிச்சுமை வேறு. 1535-க்கும் 1537-க்கும் இடையில் அவர்கள் போர்ச்சுகீசியரின் காவலை நாடி, ஊர் ஊராகக் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். 1542-இல் அங்கே வந்த பிரான்சிஸ் சவேரியாரின் கடிதங்களில், வடுகப் படை வந்தபோது கரையை விட்டுப் பாறைத் தீவுகளுக்கு ஓடி உணவும் நீருமின்றித் தவித்த மக்களின் நிலை பதிவாகியிருக்கிறது. காவலைத் தேடினார்கள், காவல் கிடைத்தது, முத்தின் பெரும்பங்கு காவலனுக்குப் போயிற்று.

இங்கே கரீபியன் கடல் நம் கதைக்குள் நுழைகிறது. 1498-இல் தம் மூன்றாம் பயணத்தில் கொலம்பஸ், தென்னமெரிக்காவின் வடகரையில் பாரியா வளைகுடாப் பக்கத்து மக்கள் முத்துமாலை அணிந்திருப்பதைக் கண்டார். அவ்வளவுதான். சில ஆண்டுகளில் அக்கரைக்கு எதிரேயுள்ள குபாகுவா என்னும் தீவில் ஸ்பானியர் கூடாரமடித்தார்கள். அத்தீவில் குடிநீர் இல்லை, விறகில்லை. சுற்றிலும் முத்துச் சிப்பி மட்டும் இருந்தது. அங்கே புதிய காதிஸ் என்று ஒரு நகரமே எழுந்தது. குளிப்பதற்கு ஆள்? பஹாமா தீவுகளில் வாழ்ந்த லுக்காயர் நீச்சலில் வல்லவர் என்பதற்காகவே அவர்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடித்து வந்தார்கள். காலை முதல் மாலை வரை முழுக்கு. ஓய்ந்து மேலே நின்றால் அடி. இரவில் ஓடிவிடாமல் கட்டு. லாஸ் காஸாஸ் என்னும் பாதிரியார் 1552-இல் அச்சிட்ட நூலில், இதனினும் கொடிய வாழ்வு உலகில் இல்லை என்ற கருத்துப்பட இதை வர்ணித்தார். 1530-களின் முடிவில் சிப்பி தீர்ந்தது. 1541-இல் இயற்கைச் சீற்றம் அந்நகரைச் சாய்த்தது. லுக்காயர் என்னும் இனம் அதற்கு முன்பே தம் தீவுகளிலிருந்து மறைந்துபோயிற்று. காஞ்சியில் துலாபாரம் நடந்த அதே பத்தாண்டில், பூமியின் மறுபக்கத்தில் நடந்தது இது. இன்று உல்லாசத்துக்காக மக்கள் இறங்கும் கரீபியன் நீரில், ஐரோப்பியர் வந்தபின் முதலில் இறங்கியவர்கள் அடிமைகள்.

நம் பக்கத்தில் தொழில் அவ்வளவு கொடுமையாகச் சிதையவில்லை. மன்னார் வளைகுடாவின் இருகரையிலும், தூத்துக்குடிப் பக்கத்திலும் ஈழத்து மரிச்சுக்கட்டி, சிலாபத்துறைப் பக்கத்திலும், சிப்பி விளையும் திட்டுக்களைப் பார் என்பார்கள். தொலாயிரம் பார், சேவல் பார், பெரிய பார் என்று அவற்றுக்குப் பெயர். பெரும்பாலானவை 5 முதல் 10 பாகம் ஆழத்தில் கிடந்தன. ஒரு பாகம் ஆறடி. ஆகப் பத்துப் பாகம் என்பது 18 மீட்டர். இன்று ஸ்கூபாப் பயிற்சியில் முதற்படிச் சான்றிதழ் பெற்றவர் இறங்கலாம் என்று அனுமதிக்கும் எல்லையும் அதே 18 மீட்டர்தான். இது தற்செயலாக அமைந்த ஒற்றுமையே. எனினும் கருவியோடு இவர்கள் போய் நிற்கும் இடத்தில் கருவியின்றி நம் முன்னோர் நின்றார்கள் என்பது மெய்.

நள்ளிரவுக்குப் பின் துப்பாக்கி வெடித்ததும் தோணிகள் நிலக்காற்றில் புறப்படும்; விடியும்போது பாரை எட்டும். ஒரு தோணியில் குளிப்பவர் பதின்மர், கல் ஐந்து. ஒருவர் இறங்க ஒருவர் இளைப்பாறுவார். கயிற்றில் கட்டிய கல்லின் வளையத்தில் காலை நுழைத்து, கழுத்தில் வலைப்பையை மாட்டிக்கொண்டு, ஒரு நிமிடத்துக்குள் கடலடியில் கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிப் போட்டுக் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பதே வழக்கம் என்பார்கள். தங்கையைக் கைம்பெண்ணாக்க எந்த அண்ணனும் விரும்பமாட்டான் என்ற கணக்கு! இன்றைய பயிற்சியிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு துணைவர் இன்றி நீரில் இறங்கலாகாது என்பது விதி. அவர்கள் காற்றுமானியைப் பார்த்துக்கொள்கிறார்கள். நம்மவர் உறவுமுறையைப் பார்த்துக்கொண்டார்கள்.

1905-இல் ஈழத்தில் நடந்த குளிப்பைப் போல் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் கரையேறின. அரசாங்கத்துக்கு 25 லட்சம் ரூபாய் வருமானம். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் குளிகாரர் வந்தார்கள். ஆளில்லா மணல்வெளியான மரிச்சுக்கட்டியில் பல ஆயிரம் பேர் கொண்ட ஓலைப் பட்டினம் ஆறு வாரத்துக்கு எழுந்து நின்றது. சிப்பியைக் கொட்டு என்னும் அடைப்புக்குள் குவித்து, ஈ மொய்த்துப் புழுத்து அழுகவிட்டு, பின்பு கழுவி முத்தைத் தேடுவார்கள். அந்த நாற்றத்தைத் தாங்கிய மூக்குக்கு எந்த நாற்றமும் பெரிதன்று. பங்கு எப்படி? சிப்பியில் மூன்றில் இரண்டு அரசாங்கத்துக்கு. அதை ஆயிரம் ஆயிரமாக அன்று மாலையே ஏலம் விடுவார்கள். மூன்றில் ஒன்று குளித்தவர்களுக்கு. உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்று எவருக்கும் தெரியாது. காத்திருக்க வசதியில்லாத குளிகாரன் தன் பங்கை வாசலிலேயே சில்லறைக்கு விற்றுவிட்டுப் போவான். அதிர்ஷ்டத்துக்குக் காத்திருக்கவும் கையில் முதல் வேண்டும் அல்லவா?

பேராசை அங்கும் வந்தது. 1906-இல் ஒரு கம்பெனி 20 ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபாய் வீதம், ஈழத்துப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பின் சிப்பி இல்லை. கம்பெனி சில ஆண்டுகளில் கலைந்தது. முத்துச்சிப்பியின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து எங்கேனும் பற்றிக்கொள்ள வேண்டும். மணல் மூடலாம், மீன் தின்னலாம், ஓட்டம் திசை மாறலாம். குத்தகைப் பத்திரத்துக்கு அது கட்டுப்படுமா? தமிழகக் கரையில் 1955 முதல் 1961 வரை அரசாங்கம் நடத்திய குளிப்பே பெரிய அளவில் நடந்த இறுதிக் குளிப்பு. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர் கே. அழகர்சாமியும் அவர் குழுவினரும் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். பார்கள் அமைதியடைந்தன. சங்குகுளிப்போர் மட்டும் தொழிலை விடவில்லை.

குளிகாரன் கரையேறிய காலத்தில்தான் ஸ்கூபாக்காரன் நம் கடலில் இறங்கினான். ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956-இல் நண்பர் மைக் வில்சனோடு ஈழத்தில் வந்து தங்கினார். விண்வெளிக் கதைகளால் பெயர் பெற்றவரை அங்கே ஈர்த்தது கடலே. திருகோணமலையில் சுவாமிமலை என்னும் செங்குத்தான பாறையின் அடியில் இருவரும் மூழ்கியபோது, வேலைப்பாடமைந்த கற்களும் தூண்களும் கடலடியில் சிதறிக் கிடக்கக் கண்டார்கள். 1622-இல் போர்ச்சுகீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் உறுப்புக்கள் அவை. சம்பந்தர் பதிகம் பெற்ற தலத்தின் தூண்களை, மூன்று நூற்றாண்டுக்குப் பின் முதலில் தடவிப் பார்த்தது இரு வெள்ளையர் கை. 1963-இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. வில்சன் 1961-இல் ஈழத்தின் தென்கரையில் பெரிய பாசஸ் பாறைக்கருகே மூழ்கிய கப்பலொன்றிலிருந்து, ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அச்சிட்ட வெள்ளி ரூபாய்களைக் கட்டிகட்டியாக எடுத்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

தமிழகத்தில் இவ்வித்தையை ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்தவர் எஸ். ஆர். ராவ். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அவர் தலைமையில் பூம்புகார்க் கடலில் இறங்கினார்கள். கரைக்குச் சுமார் ஐந்து கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரைலாட வடிவில் ஒரு கற்குவியலை 1990-களின் தொடக்கத்தில் கண்டார்கள். அது மனிதன் கட்டியதா, எக்காலத்தது என்பவை வாதத்துக்குரியன. புகார் முழுவதும் கிடைத்துவிட்டது என்று முழங்குபவர்களோடு நான் சேரமாட்டேன்.

இனிப் பயணத் திட்டத்துக்கு வருவோம். கரீபியன் கடலில் தீவுகள் பல. பொனேர் என்னும் தீவு 1979-லேயே தன்னைச் சுற்றிய கடலைக் காப்பகமாக்கியது. மூழ்குவோர் அதற்கெனக் கட்டணம் செலுத்துகிறார்கள். ஆயினும் தமிழர் ஒருவர் என்னைக் கேட்டால் குவாதலூப் தீவைச் சொல்வேன். அதன் மேற்குக் கரையில் புய்யாந்த் என்னும் ஊருக்கு எதிரே இரு சிறு தீவுகள். அவற்றைச் சுற்றிய கடலுக்குக் கூஸ்தோவின் பெயரையே இட்டிருக்கிறார்கள். மூழ்குவோர் நாடிவரும் இடம் அது. அதே தீவின் கீழ்க்கரையில் காப்பெஸ்தேர் என்னும் ஊரில், ஷாஞ்சி என்ற இடத்தில், மாரியம்மனுக்கு ஒரு கோயில் இருக்கிறது. கோபுரமும் வண்ணச் சிற்பங்களும் காண்பவர் நம் ஊர்க் கோயிலென்றே மயங்குவர்.

அக்கோயில் எவ்வாறு அங்கே வந்தது? பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-இல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புக்கு ஆள் வேண்டும். புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைகளில் தமிழும் தெலுங்கும் பேசும் ஏழைகளை ஒப்பந்தக் கூலிகளாகச் சேர்த்தார்கள். ஒரேலி என்னும் கப்பல் 1854-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் வேளையில் முதல் கூட்டத்தைக் குவாதலூப்பில் இறக்கியது. 1880-களின் இறுதிக்குள் சுமார் 42,000 பேர் அத்தீவுக்குச் சென்றார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மூன்று திங்கள் கடலில் கிடந்த அவர்களுக்குக் கடல் என்பது கருநீர்; திரும்பி வர வழியடைத்த நீர். அதில் இறங்கி மகிழலாம் என்று எவரேனும் சொல்லியிருந்தால் பித்தன் என்றிருப்பார்கள். ஒப்பந்தம் முடிந்தும் அவர்கள் குடிமக்களாகவில்லை. காப்பெஸ்தேரில் 1863-இல் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பவர், இந்தியர் வழிவந்தோருக்கு வாக்குரிமையும் குடியுரிமையும் வேண்டுமென்று 1904-இல் வழக்குத் தொடுத்தார். 1923-இல்தான் அவ்வுரிமை நிலைபெற்றது. பத்தொன்பது ஆண்டுகள்! அவர் மரபினர்க்கும் ஏனையோர்க்கும் இன்று வீட்டுமொழி தமிழ் அன்று. கோயிற்பாட்டில் மட்டும் தமிழ்ச் சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. புய்யாந்தில் மூழ்கிவிட்டு ஷாஞ்சிக்குப் போகாமல் திரும்பும் தமிழ்க் குடும்பம், பாதித் தீவைப் பார்க்காமல் வந்ததாகவே பொருள்.

ஜூன் முதல் நவம்பர் வரை அக்கடலில் சூறாவளிக் காலம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை செல்வதே தக்கது. பிரான்ஸ் தேசத்துக்குப் பெற்ற விசாவே போதும் என்று எண்ணிவிடலாகாது. கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்குச் செல்லும் என்று விசாவில் தனியே குறித்திருக்க வேண்டும். ஆஸ்துமா, இருதய நோய், செவிநோய் உடையவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றி இறங்கவே கூடாது. கருவுற்ற பெண்கள் இறங்கலாகாது. நீந்தத் தெரியாதவர்களும் ஆசிரியர் கைப்பிடித்து ஆழமில்லாத இடத்தில் ஒருமுறை காணலாம். முறையாகக் கற்க மூன்று நான்கு நாள் வேண்டும். அந்தப் பயிற்சியை ஊரிலிருந்து பக்கமாகவே முடித்துக்கொண்டு போவது செலவுக்கும் நல்லது, தைரியத்துக்கும் நல்லது. புதுச்சேரியில் கற்பிக்கிறார்கள், அந்தமானில் ஸ்வராஜ் தீவு என்று 2018-இல் பெயர் மாறிய ஹாவ்லாக்கில் பல பள்ளிகள் உள்ளன. அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் தெளிந்திருக்கும். இலட்சத்தீவுக்கு முன்னனுமதிச் சீட்டு வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அவற்றுள் இரண்டு கடலுள் அமிழ்ந்துவிட்டன. எஞ்சியவற்றில் நினைத்தபடி கால்வைக்க இயலாது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சுட்டு அங்கே பவளங்கள் வெளுத்தன. கரீபியனிலும் 2023-இல் அதே கேடு கடுமையாக நேர்ந்தது. பவளம் கல்லன்று, உயிர். விரல் பட்டாலும் துடுப்புப் பட்டாலும் அது சாகும். நினைவுக்காக ஒரு துண்டை ஒடித்துவந்து கண்ணாடிப் பெட்டியில் வைப்பது நம் நாட்டுச் சட்டப்படியும் குற்றம்.

திருப்பதிவாசிகளுக்கென்றே ஒரு குறிப்பு. ஆழத்தில் அழுத்தம் மிகுந்த காற்றை இழுக்கும்போது நைட்ரஜன் குருதியிலும் தசையிலும் கரைகிறது. மெல்ல மேலேறினால் அது மூச்சோடு வெளியேறும். விரைந்தால் சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் உடலுக்குள்ளேயே குமிழியிட்டு, மூட்டை முறுக்கும், சிலபோது முடக்கும். இதற்கு முதல் அட்டவணையை 1908-இல் ஹால்டேன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் வகுத்தார். கரையேறிய பின்னும் சில மணிநேரம் எஞ்சிய நைட்ரஜன் உடலில் இருக்கும்; காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் அது குமிழியாகிவிடும். ஆகையால் பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பர். விமானத்தை நினைவில் வைப்பவர் மலையை மறந்துவிடுகிறார்கள். திருமலை கடல்மட்டத்திலிருந்து 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரமும் கணக்கில் சேரும். புதுச்சேரியில் காலையில் மூழ்கிவிட்டு, வேண்டுதல் நிறைவேறிற்று என்று அன்று மாலையே காரில் மலை ஏறலாகாது. அன்றிரவு அலர்மேல்மங்கை தாயாரைத் திருச்சானூரில் சேவித்துவிட்டுக் கீழேயே தங்குங்கள். மறுநாள் பிற்பகலில் ஏறலாம்; அலிபிரிப் படிகளில் நடந்து ஏறுவதாயின் இன்னும் ஒரு நாள் தாமதித்து, நீர் நிறைய அருந்திவிட்டு ஏறுங்கள்.